நெசவாளியின் நலம் யார் கையில் இருக்கிறது?

ஒருவரையொருவர் கண்டால் “நலந்தானா?” என்று கேட்பது நமது நாட்டில் ஒரு மரியாதை. அப்படிக் கேட்கப்பட்டவரும், “ஏதோ ஆண்டவன் புண்ணியத்தில் காலம் ஓடுகிறது” என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட்டவருக்கும் அந்தப் பதிலே போதும். இந்தப் பதிலில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருப்பதை நம்மவர்கள் யோசித்துப் பார்ப்பதேயில்லை. ஒன்று, தன் நலத்துக்குத் தான் பொறுப்பல்ல, வேறு எவனோ ஒருவன் பொறுப்பு என்பது. மற்றொன்று, காலத்தை ஓட்டுகிறவன் தானல்ல, அது தானாக ஓடுகிறது, தான் அதன் பின்னே இழுபட்டுப் போகிறான் என்பது. இந்த இரண்டு எண்ணங்களும் ஒரு மனிதனிடத்தில் குடிகொண்டிருக்கிற வரையில் அவனுக்கு எந்த வைத்தியராலும், எந்த சர்க்காராலும் நலம் உண்டாக்கிவிட முடியாது என்பது நமது அபிப்பிராயம்.

போதாக்குறைக்கு, இப்போது நலம் என்பதே ஒரு விற்பனைச் சரக்காகவும் ஆகிவிட்டது. மன அமைதிக்கு ஒரு சாமியார், வீட்டில் செல்வம் தங்குவதற்கு ஒரு வாஸ்துக்காரர், பிள்ளைகள் படிப்பதற்கு ஒரு யந்திரத் தகடு, தேகத்துக்கு ஒரு மூலிகை டப்பா என்று தனித்தனியாகக் கடை போட்டு வியாபாரம் நடக்கிறது. இந்தக் கடைகளுக்கெல்லாம் முதல் ஒன்றேதான். அதாவது, மனிதனுடைய நலம் அவனுடைய அன்றாட வாழ்க்கைக்கு வெளியில் எங்கேயோ இருக்கிறதென்றும், அதைக் காசு கொடுத்து வாங்கி வரவேண்டுமென்றும் ஜனங்கள் நம்புவதேயாகும். உண்மையில் நலம் என்பது, ஒருவன் காலையில் எழுந்தது முதல் இரவில் படுக்கிற வரையில் எப்படி உழைக்கிறான், எதைச் சாப்பிடுகிறான், யாருக்குக் கடன்பட்டிருக்கிறான், யாரோடு மனம் விட்டுப் பேசுகிறான், எவ்வளவு நேரம் தூங்குகிறான் என்பவைகளிலேயே அடங்கியிருக்கிறது. இதை வெறும் வேதாந்தமாகப் பேசாமல், ஒரு ஊரை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்போம்.

திருவண்ணாமலை ஜில்லாவில் கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியை அறியாதவர்கள் தமிழ்நாட்டில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். சரித்திரம் படித்தவர்களுக்கு அது 1751-ஆம் வருஷத்தில் கிளைவ் சண்டை போட்ட ஊர். சமையற்கட்டில் இருப்பவர்களுக்கு அது அரிசி ஊர். மற்றெல்லோருக்கும் அது பட்டு ஊர். ஆரணிப் பட்டு என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடு என்கின்ற சட்டப் பாதுகாப்பும் கிடைத்திருக்கிறது. அதாவது, வேறு எங்கேயோ நெய்த சேலையை ஆரணிப் பட்டு என்று சொல்லி விற்கக் கூடாதென்று சட்டம் காவல் காக்கிறது. மிக்க சந்தோஷம். சேலையின் பெயரைக் காப்பாற்றுவதற்குச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சேலையை நெய்கிறவனுடைய கண்ணையும், முதுகையும், முழங்காலையும் காப்பாற்றுவதற்கு என்ன வந்திருக்கிறது என்று கேட்கின்றோம்.

ஆரணியிலும், அதைச் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய ஊர்களிலும் நெசவாளிக்கு வீடு வேறு, தொழிற்சாலை வேறு அல்ல. ஒரே கூடத்தில் தறிக்குழி, அடுப்பு, தொட்டில், பிள்ளைகளின் புஸ்தகப் பை எல்லாம் இருக்கும். ஆகவே மற்றத் தொழிலாளிகளுக்குத் தனித்தனியாக இருக்கக்கூடிய கஷ்டங்கள் இவனுக்கு ஒரே கட்டாகக் கிடைக்கின்றன. தேகம் கெட்டால் கூலி நிற்கிறது. கூலி நின்றால் கடன் ஏறுகிறது. கடன் ஏறினால் தூக்கம் போகிறது. தூக்கம் போனால் வீட்டில் சண்டை வருகிறது. சண்டை வந்தால் சாராயக் கடைக்கு வழி தெரிகிறது. அங்கு போனால் மறுபடியும் தேகம் கெடுகிறது. பாவு இழையில் ஒன்று அறுந்தால் அதை அப்போதே முடிய வேண்டும், இல்லாவிட்டால் துணி முழுவதும் பழுது என்பதை நெசவாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் வாழ்க்கையைப் பற்றி மாத்திரம் அவன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

1948-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட உலக சுகாதார ஸ்தாபனம் தனது அமைப்பு விதியிலேயே, சுகம் என்பது வியாதியில்லாமல் இருப்பது மாத்திரமல்ல, தேகத்தாலும் மனத்தாலும் சமூக வாழ்க்கையாலும் நன்றாயிருப்பதேயாகும் என்று எழுதி வைத்திருக்கிறது. நமது ஜனங்களோ இன்னும், படுக்கையில் விழாதவனெல்லாம் சுகமாயிருக்கிறான் என்றே கணக்கு வைத்திருக்கிறார்கள்.

தேகம்

முதலாவது தேகத்தை எடுத்துக்கொள்வோம். குழித்தறியில் உட்காருகிறவன் காலைக் குழிக்குள் விட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, கழுத்தைக் குனிந்து, தலைமயிரைவிட மெல்லிய இழைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இப்படி நாள் முழுவதும், வருஷக்கணக்காக உட்கார்ந்தால் முதுகும் முழங்காலும் வலிக்காமல் என்ன செய்யும்? மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறினால் அதுவும் சேர்ந்துகொள்ளுகிறது. இது தலையெழுத்தாலும் வரவில்லை, சனியன் பார்வையாலும் வரவில்லை. குழியின் ஆழத்தாலும், பலகையின் உயரத்தாலும், இடைவிடாமல் உட்காருவதாலுமே வருகிறது. பலகையை உயரத்துக்குத் தகுந்தபடி மாற்றுவதற்கும், மணிக்கொரு தரம் எழுந்து நாலடி நடந்து இடுப்பை நிமிர்த்துவதற்கும் காலணாச் செலவில்லை. ஆனால் இதைச் சொன்னால், “எங்கள் பாட்டன் இப்படித்தானே உட்கார்ந்தான்” என்கிறார்கள். அந்தப் பாட்டனும் கடைசிக் காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதானே நடந்திருப்பான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கண் விஷயம் இதைவிட முக்கியமானது. 40 வயதுக்கு மேல் கிட்டப் பார்வை குறைவது எல்லா மனிதருக்கும் ஏற்படுகிற காரியம். குமாஸ்தாவாயிருந்தால் உடனே கண்ணாடி போட்டுக்கொள்ளுகிறான். நெசவாளியோ, “கண் மங்கிவிட்டது, இனி நெருக்கமான வேலை ஓடாது” என்று சாதா வேலைக்கு இறங்கி, கூலியையும் குறைத்துக்கொள்ளுகிறான். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளிகளை வைத்து ஒரு பரீட்சை செய்து, அதன் முடிவை 2018-ல் வெளியிட்டார்கள். கிட்டப் பார்வைக்குரிய சாதாரணக் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள், கொடுக்கப்படாதவர்களைக் காட்டிலும் சுமார் நூற்றுக்கு 22 வீதம் அதிகமாகக் கொழுந்து பறித்தார்களாம். இலை பறிப்பதற்கே இவ்வளவு வித்தியாசமென்றால், பட்டிழையும் சரிகையும் பார்த்து நெய்கிறவனுக்கு எவ்வளவு இருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வருஷத்துக்கொருமுறை சரஸ்வதி பூஜை வந்தால் தறியைத் துடைத்து, பொட்டு வைத்து, பொரி கடலை படைத்து, அன்றைக்கு ஒரு நாள் தறிக்கு ஓய்வு கொடுக்கிறோம். மரத்தாலும் கயிற்றாலும் ஆன தறிக்கு இருக்கிற இந்த மரியாதையில் பாதியாவது தறியில் உட்காருகிறவனுடைய கண்ணுக்கு உண்டா? அந்தப் பூஜைச் செலவில் ஒரு கண்ணாடி வாங்கலாமே! அன்றைய தினத்தை ஊரெல்லாம் கண் பரீட்சை செய்துகொள்ளும் நாளாக வைத்துக்கொண்டால், கல்விக்கும் தொழிலுக்கும் அதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன இருக்கிறது?

சர்க்கார் செய்திருப்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில் ரத்தக் கொதிப்பும் சர்க்கரை வியாதியும் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு இவ்விரண்டும் எளிதில் வரக்கூடிய வியாதிகள். வருகிறவரிடம், “எனக்கு ஒன்றுமில்லை, அடுத்த வீட்டுக்குப் போங்கள்” என்று சொல்லி அனுப்புவதில் ஒரு கௌரவமும் இல்லை என்பதை நெசவாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரம்

ஆனால் இவ்வளவையும் செய்வதற்கு நேரமேது என்பார்கள். அங்கேதான் விஷயத்தின் ஆணிவேர் இருக்கிறது. நாள் ஒன்றுக்கு 8 மணி வேலை, 8 மணி பொழுதுபோக்கு, 8 மணி ஓய்வு என்று 1817-லேயே சொன்னவர் ராபர்ட் ஓவன். அவர் தொழிலாளி அல்ல, நியூ லனார்க் என்ற இடத்தில் பஞ்சாலை நடத்திய முதலாளி. தோழர் சிங்காரவேலர் 1923-ஆம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி சென்னையில் மே தினம் கொண்டாடியபோதும் இந்த வேலை நேரக் கோரிக்கைதான் அதன் பின்னால் இருந்தது. நமது நாட்டில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாதென்றது. ஆனால் அந்தச் சட்டம் ஆலையின் வாசலோடு நின்றுவிட்டது. வீட்டுக்குள் இருக்கிற தறியை அது எட்டிப் பார்க்கவில்லை. வீட்டில் நெய்கிறவனுக்குச் சங்கு ஊதுகிறவர்கள் யாருமில்லை. ஆகையால் வேலை எப்போது ஆரம்பித்தது, எப்போது முடிந்தது என்பதும் அவனுக்குத் தெரிவதில்லை.

முன்காலத்தில் சூரியன் அஸ்தமித்தால் தறி நின்றது. அது ஒன்றுதான் நெசவாளிக்கிருந்த தொழிற்சட்டம். மின்சார விளக்கு வந்ததும் அதுவும் போய்விட்டது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-ல் தமிழ்நாடு சர்க்கார் 300 யூனிட்டாக உயர்த்தியது. இது பாராட்டத்தக்க காரியமே. ஆனால் அந்த விளக்கைப் பிள்ளைகள் படிப்பதற்கும், தான் ஒரு பத்திரிகை வாசிப்பதற்கும் உபயோகித்தால் அது நலம். இரவு பத்து மணி வரையில் நாடாவை ஓட்டுவதற்கு மாத்திரம் உபயோகித்தால் அது இலவசமாகக் கிடைத்த சிறை என்றுதான் சொல்லுவோம்.

கடன்

அப்படியானால் நெசவாளி ஏன் இரவிலும் நெய்கிறான்? பேராசையாலா? இல்லை. முன்பணத்தால். பட்டு நெசவு ஊர்களிலெல்லாம் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்குவது வழக்கம். வாங்கியதைத் திருப்பிக் கட்டுகிற வரையில் வேறு முதலாளிக்கு நெய்யப் போக முடியாது. கூலி குறைவென்று வாய் திறக்க முடியாது. 1976-ஆம் வருஷத்தில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து, கடனுக்காக மனிதனுடைய உழைப்பைக் கட்டிப்போடுவது குற்றமென்று ஏற்பட்டுவிட்டது. ஆனால் சங்கிலி கண்ணுக்குத் தெரிந்தால்தானே சட்டமும் பார்க்கும்! இந்தச் சங்கிலி நோட்டுப் புஸ்தகத்தில் இருக்கிறது. அந்த நோட்டும் பெரும்பாலும் முதலாளி வீட்டிலேயே இருக்கிறது.

கைத்தறித் தொழிலில் வருமானம் குறைவு என்பதை நாம் மறுக்கவில்லை. 2019-20-ல் எடுத்த நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களின் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இந்த நிலைமையில் ஒரு வியாதி வந்தால் கடன் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் முன்பணமெல்லாம் வியாதிக்கே போகிறதா என்று கேட்கின்றோம். காதுகுத்துக்கு எவ்வளவு? மஞ்சள் நீராட்டுக்கு எவ்வளவு? ஆடி மாதத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எவ்வளவு? ஜாதகத்தில் தோஷமென்று சொன்னவனுக்குப் பரிகாரத்துக்கு எவ்வளவு? ஒரு நாள் பந்தலுக்காக ஒரு வருஷத்துத் தூக்கத்தை அடகு வைப்பது எந்த நலத்தைச் சேர்ந்தது? மானம் போகக் கூடாதென்று கடன் வாங்கி விருந்து வைக்கிறவன், மறுநாள் முதல் முதலாளி முன்னால் கைகட்டி நிற்கிறானே, அப்போது போகிறது மானமில்லையா?

இதற்கு வழி, சாமியாரிடத்திலும் இல்லை, லாட்டரிச் சீட்டிலும் இல்லை. கணக்கில் இருக்கிறது. எவ்வளவு முன்பணம் வாங்கினோம், எத்தனை சேலை கொடுத்தோம், எவ்வளவு கழித்தார்கள் என்று தன் கையால், தன் வீட்டில், ஒரு நோட்டில் எழுதி வைப்பது முதல் வேலை. கூட்டுச் சேருவது இரண்டாவது வேலை. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் 28 பேர், அவர்களில் கம்பளி நெசவாளர்களும் உண்டு, ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கிற ஒரு சிறு கடை வைத்தார்கள். உலகத்தில் இன்றுள்ள கூட்டுறவு இயக்கத்துக்கே அந்தக் கடை வழிகாட்டியாயிற்று. அவர்கள் லாபத்தைப் பங்கு போட்டுக்கொண்டதோடு நிற்காமல், அதில் நூற்றுக்கு இரண்டரை பங்கைப் படிப்புக்கென்று ஒதுக்கி வாசகசாலையும் வைத்தார்கள். நமது மாகாணத்திலும் 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் ஏற்பட்டது. ஆரணியிலும் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் சங்கமென்றால் நூல் வாங்கிச் சேலை கொடுக்கிற இடம் என்று மாத்திரம் நினைக்கிற வரையில், அது மற்றொரு முதலாளியாகத்தான் இருக்கும். பொதுச் சபைக்குப் போய்க் கணக்குக் கேட்கிற அங்கத்தினர் இருந்தால்தான் அது சங்கம்.

பெண்கள்

இதுவரையில் “நெசவாளி, அவன்” என்றே எழுதி வந்தோம். ஊர் வழக்கமும் அப்படித்தான். ஆனால் அந்தக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கைத்தறி நெசவாளர்களில் நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டவர்கள் பெண்கள். ஆரணியில் ஆண் தறியில் உட்கார்ந்தாலும், தார் சுற்றுவது யார்? பாவு போடும்போது கூட நிற்பது யார்? அறுந்த இழையை முடிவது யார்? இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு சேலைக்கு ஒரு கூலிதான். அது வந்து சேருவது புருஷன் கையில்தான். மனைவியின் உழைப்புக்கு, “வீட்டில் ஒத்தாசை” என்று பெயர்.

மத்திய சர்க்கார் 2019-ல் எடுத்த நேர உபயோகக் கணக்கின்படி, கூலியில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்கிற பெண்கள் நாள் ஒன்றுக்கு 299 நிமிஷமும், அதைச் செய்கிற ஆண்கள் 97 நிமிஷமும் செலவிடுகிறார்கள். அதாவது பெண்ணுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் அடுப்புக்கும் துடைப்பத்துக்கும் போகிறது. அதற்கு மேல்தான் தார் சுற்ற வேண்டும். வீட்டில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் உழைப்பைத் தான் கணக்கில் சேர்க்காமல் இருந்துகொண்டு, தன் உழைப்பை முதலாளி கணக்கில் சேர்க்கவில்லையென்று சொல்லுவதற்கு நெசவாளிக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆகையால் கூலி நோட்டில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும். சங்க அங்கத்தினரிலும் நலவாரியப் பதிவிலும் அவள் பெயர் இருக்க வேண்டும். புருஷன் பாத்திரம் துலக்கினால் கை தேய்ந்துவிடாது. அவ்வளவு மெல்லிய இழையை அறுக்காமல் கையாளத் தெரிந்தவனுக்கு ஒரு சோற்றுப் பானையைக் கையாளத் தெரியாதென்பது நம்பத்தக்கதல்ல.

மனம்

மனத்தைப் பற்றிப் பேசினால் நம்மவர்களுக்கு உடனே கோயிலும் தர்காவும் மாதாவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஒருவன் பல நாள் தூங்காமல், பேசாமல், சாப்பாடு வேண்டாமென்று மூலையில் உட்கார்ந்திருந்தால் “காற்றுப் பட்டது” என்பார்கள், மந்திரிப்பார்கள், வேப்பிலை அடிப்பார்கள். இதன் முடிவு என்னவென்பதை ஏர்வாடி காட்டிவிட்டது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், அங்கிருந்த ஒரு மனநோயாளர் விடுதி தீப்பற்றி எரிந்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டுத் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் விரோதிகளல்ல, பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களுந்தான். கெட்ட எண்ணத்தால் விடவில்லை, மூடநம்பிக்கையாலும் வேறு வழி தெரியாததாலும் விட்டார்கள். எந்த மதத்தின் பெயரால் நடந்தாலும் இதன் பலன் ஒன்றேதான்.

மனமும் தேகத்தைப் போலவே வியாதிப்படக் கூடியது, வைத்தியத்தால் குணப்படக் கூடியது. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் வைத்தியம் பெறுவதை ஒரு உரிமையாகவே செய்திருக்கிறது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் காசில்லாமல் தமிழிலேயே ஆலோசனை சொல்லுகிறார்கள். கடன்காரன் வந்துபோன இரவில், தூக்குக் கயிறு ஞாபகத்துக்கு வருகிறவன், அந்த எண்ணையும் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால், பக்கத்துத் தறிக்காரனிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். கஷ்டத்தைச் சொல்லுவது ஆண்பிள்ளைக்கு அவமானமென்று யாரோ சொல்லி வைத்ததால்தான், பலர் அதை மதுக்கடையில் போய்ச் சொல்லுகிறார்கள். 2003 முதல் அந்தக் கடையையும் சர்க்காரே நடத்துகிறது. ஒரு கையால் வைத்தியமும் மறு கையால் வியாதியும் கொடுக்கிற இந்தக் காரியத்தை நாம் கண்டிக்காமல் இருக்க முடியாது.

அறிவும் கூட்டும்

மனம் நலமாயிருக்க மற்றொரு ஆகாரமும் வேண்டும். அது அறிவு. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்கள், கை வேலை செய்யும்போது காது சும்மா இருக்கிறதே என்று, தங்களில் ஒருவரைப் பத்திரிகை வாசிக்கச் சொல்லி, அவர் சுற்ற வேண்டிய பீடியைத் தாங்கள் சுற்றிக் கொடுத்தார்கள். அப்படிக் கேட்டுப் பழகியவர்களே 1969-ல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தி, தங்களுக்குத் தாங்களே எஜமானர்களானார்கள். தறிச் சத்தத்தில் வாசிப்பது முடியாதென்றால், தறி நின்ற பிறகு தெருத் திண்ணையில் அரைமணி நேரம் வாசிக்கலாமே. அந்தத் திண்ணையில் எந்த ஜாதிக்காரனும் உட்காரலாம், பெண்களும் உட்காரலாம் என்று மாத்திரம் இருக்க வேண்டும். எங்கள் குலம் தேவர்களுக்கு வஸ்திரம் நெய்த குலம் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு புராணம் இருக்கிறது. நெய்ததற்கு அந்தத் தேவர்கள் கூலி கொடுத்ததாக எந்தப் புராணத்திலும் காணோம். தெருவுக்கொரு புராணத்தை விட்டு ஊருக்கொரு சங்கமாய்ச் சேர்ந்தால் கூலியாவது ஒழுங்காய்க் கிடைக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் நாம் தாட்சண்யம் காட்ட முடியாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாதென்று 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் பள்ளிக்கூட நேரம் போக, குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்யலாமென்று அதில் ஒரு ஓட்டையும் வைத்தார்கள். தறி வீடுகளுக்கு அந்த ஓட்டை பெரிய வாசற்படியே ஆகும். குலத்தொழில் கற்றுக்கொள்ளட்டுமே என்று சொல்லுகிறவர்கள், தங்கள் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். விளையாடாத பிள்ளைக்குத் தேக நலமுமில்லை, மன நலமுமில்லை. வளர்ந்த பிறகு தன் இஷ்டப்படி தறியில் உட்காரட்டும். அல்லது உட்காராமல் போகட்டும்.

இவைகளைச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்சேபணை வரும். “போதுமென்ற மனம் இருந்தால் எல்லா நலமும் வந்துவிடும்” என்பார்கள் பக்திமான்கள். போதுமென்ற மனத்தைப் பட்டுச் சேலை உடுத்துகிறவர்களுக்கு உபதேசிக்காமல், நெய்கிறவர்களுக்கு மாத்திரம் உபதேசிப்பானேன்? “முதலில் கூலியை உயர்த்துங்கள், மற்றவையெல்லாம் தானாக வரும்” என்பார்கள் மற்றொரு சாரார். கூலி உயர வேண்டியது அவசியம். அதற்காகச் சண்டை போடவும் வேண்டியதுதான். ஆனால் உயர்ந்த கூலி, பெரிய பந்தலுக்கும், பெரிய வரதட்சணைக்கும், அதிகக் குடிக்கும் போவதையும் நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? மேலும், நிமிர்ந்து உட்காரவும், கணக்குப் பார்க்கவும், கூட்டத்துக்குப் போகவும் நேரமில்லாதவன் கூலி உயர்வுக்குத்தான் எப்படிச் சண்டை போடுவான்? கூலியும் ஓய்வும் ஒன்றுக்குப் பின் ஒன்று வருவதல்ல. பாவும் ஊடையும் போல ஒன்றாகச் சேர்ந்து வருவதாகும்.

ஆகையால் சர்க்காரை நாம் கேட்டுக்கொள்ளுவது, வீட்டுத் தறிக்கும் செல்லுபடியாகிற கூலி விகிதத்தையும், முன்பணத்துக்குப் பதிலாகச் சங்கத்தின் மூலம் நியாயமான வட்டிக் கடனையும் ஏற்படுத்தி, நெசவுத் தெருக்களில் வருஷா வருஷம் கண் பரீட்சை நடத்த வேண்டுமென்பது. தறி முதலாளிகளைக் கேட்டுக்கொள்ளுவது, கணக்கு நோட்டில் ஒரு பிரதியை நெய்கிறவர் கையில் கொடுங்கள் என்பது. கணக்கு யோக்கியமானதானால் அதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

நெசவாளத் தோழர்களைக் கேட்டுக்கொள்ளுவது இதுதான். இரவில் தறியை நிறுத்த ஒரு நேரம் வையுங்கள். அந்த நேரத்தை வீடு முழுவதும் பகிர்ந்துகொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். நோட்டில் உங்கள் கையால் எழுதுங்கள். சடங்குக்குக் கடன் வாங்காதீர்கள். மனக் கஷ்டத்தை மனிதனிடத்தில் சொல்லுங்கள். இவைகளில் எதற்கும் ஆண்டவன் சம்மதம் தேவையில்லை. நாளைக்கு யாராவது “நலந்தானா?” என்று கேட்டால், இவைகளில் இத்தனை செய்திருக்கிறோம், இத்தனை பாக்கி என்று கணக்குச் சொல்லக்கூடிய நிலைமைக்கு வாருங்கள். தன் நேரத்துக்கும் தன் கணக்குக்கும் தானே எஜமானனாக இருப்பவனுடைய நலந்தான் நலமென்பது நமது முடிவு. மற்றதெல்லாம் பிறர் தயவில் கழிகிற நாட்களேயாகும்.